வெள்ளை ஊர்களுக்கு ஏறும் சாலைகள்: தெற்கு ஸ்பெயினில் முதல் சைக்கிள் பயணம்

வரைபடத்தில் பார்த்தால் ரோந்தாவிலிருந்து கிராசலேமா 30 கி.மீ. சொச்சம்தான். சமவெளியில் ரோடு பைக் ஓட்டிப் பழகியவர் ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு இங்கே எடுபடாது. சுண்ணாம்பு அடித்த வீடுகளால் 'வெள்ளை ஊர்கள்' என்று பெயர்பெற்ற ஊர்கள் நிறைந்த ஆந்தலூசியாவின் இந்த மலைப்பகுதிக்கு முதல் முறை வருகிறவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது உடம்பையோ சைக்கிளையோ அல்ல, கணக்கைத்தான். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை மீட்டர் ஏறப் போகிறோம், எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருப்போம் என்று கேட்கப் பழகினால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

ஏறாமல் ஊருக்குள் போக முடியாததற்கு வரலாறு ஒரு காரணம். 13-ஆம் நூற்றாண்டில் செவில், ஆர்கோஸ் முதலிய நகரங்கள் காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசின் கைக்குப் போன பிறகு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைத்தொடர்தான் அந்த அரசுக்கும் கிரனாதாவை ஆண்ட நாஸ்ரி வம்ச முஸ்லிம் சுல்தான்களுக்கும் எல்லை. எதிரி வருவது தெரிய வேண்டும் என்பதால் ஊர்களைக் குன்றின் தலையில் கட்டினார்கள். அதற்கும் மேலே கோட்டை, கோபுரம். ஸாஹரா தே லா சியெர்ராவை 1481-இல் நாஸ்ரி படை ஓர் இரவுத் தாக்குதலில் பிடித்ததுதான் கிரனாதாப் போருக்குத் தீப்பொறி. 1484-இல் செத்தெனில், 1485-இல் ரோந்தா, 1492-இல் கிரனாதாவே விழுந்தது. எல்லை போய்விட்டது, ஊர்கள் அதே உச்சியில்தான் இருக்கின்றன. அதனால் இரண்டு ஊர்களுக்கு நடுவே சாலை பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏறும். காபி குடிக்க ஊருக்குள் நுழைவதற்கு முந்திய கடைசி அரைக் கிலோமீட்டர்தான் பல நாட்களில் மிகச் செங்குத்தான பகுதி. அதற்குக் காலில் கொஞ்சம் பலத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்குகளில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று துணிய வேண்டாம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது முகத்தில் காற்றே படாது, நிழலும் குறைவு.

இன்னொரு பக்கம், கிராசலேமா ஸ்பெயினிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் உயரமான மலை இதுதான், ஆண்டுக்குச் சராசரியாக 2000 மி.மீ. அளவுக்குப் பெய்யும். பழங்காலத்தின் எச்சமான பின்சாப்போ என்ற ஃபிர் மரக்காடு இங்கே பிழைத்திருப்பதும் அந்த ஈரத்தால்தான். ஏப்ரலில் ரோந்தாவில் வெயில் அடிக்கும்போதே கணவாயில் மூடுபனியும் தூறலும் இருக்கலாம். சுருட்டிப் பைக்குள் வைக்கக்கூடிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் எல்லா மாதத்திலும் கூடவே இருக்கட்டும். 1000 மீட்டர் உயர்ந்தால் சுமார் 6 டிகிரி குறையும். ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்கவே சிரமமாகிவிடும்.

சைக்கிளும் கியரும்

விமானத்தில் சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதைவிட, முதல் பயணத்துக்கு வாடகை சைக்கிள் நல்லது. மாலகா நகரில் எளிதாகக் கிடைக்கும். பதிவு செய்யும்போது சட்டக அளவோடு ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: முன்னே மிகச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னே மிகப் பெரியதில் எத்தனை பல்?

முன்னே 34, பின்னே 34 என்றால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரே சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். பந்தயக்காரர்கள் வைத்திருப்பது போல 39-க்கு 25 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர் தள்ள வேண்டும். பத்து சதவீதச் சரிவில் அது முட்டியை உடைக்கும். 34-க்கு 34 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட இலகுவாக இருந்தால் இன்னும் நல்லது. இலகு கியர் வைத்திருப்பது பலவீனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலாவது நாளும் சிரித்துக்கொண்டே ஓட்ட வைப்பது அதுதான்.

டயர் 28 மி.மீ. அல்லது 32 மி.மீ. இருக்கட்டும், 23 வேண்டாம். சிறு சாலைகளில் தார் பெயர்ந்த இடங்கள் உண்டு, ஊருக்குள் கல் பாவிய தெருக்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் நீண்ட இறக்கத்தில் கை வலிக்காது. பெடலும் சீட்டும் உங்களுக்குப் பழகியவற்றைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டலாம், கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

மின்மோட்டார் சைக்கிள் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். சோடியாக வருகிறவர்களில் ஒருவர் பலசாலி, ஒருவர் புதியவர் என்றால், புதியவர் மின்சைக்கிளில் வந்தால் இருவரும் பேசிக்கொண்டே ஏறலாம். காலையிலேயே மோட்டாரை முழு வேகத்தில் வைத்து பேட்டரியைத் தீர்த்துவிடாமல் இருந்தால் சரி.

கையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்பி, சிறு பம்ப், பல அளவுச் சாவிகள் சேர்ந்த மல்டி-டூல், செயினை இணைக்கும் கண்ணி ஒன்று, முன்னும் பின்னும் விளக்கு. ஊர்களுக்கு நடுவே சைக்கிள் கடை கிடையாது. பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் வீட்டிலேயே இரண்டு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

முதல் நாள் காலையில்: வலப்பக்கம்

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நெரிசலான சாலையில் மற்ற வண்டிகளைப் பார்த்தே சரியான பக்கத்தில் இருந்துவிடுவோம். தவறு நடப்பது வண்டியே இல்லாத சாலையில், ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறும் அந்த முதல் நிமிடத்தில். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் 'வலப்பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் சுற்றுவது இடச்சுழியாக, உள்ளே சுற்றுகிற வண்டிகள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும்.

பிரேக்கையும் பாருங்கள். நம் சைக்கிள்களில் வலக்கைப் பிடி பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு. ஸ்பெயினில் பெரும்பாலும் வலக்கை பின் சக்கரத்துக்கும் இடக்கை முன் சக்கரத்துக்கும் இருக்கும். கடை வாசலிலேயே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். பழகும் வரை சமவெளியில் ஓட்டிவிட்டு அப்புறம் மலைக்குப் போகலாம். வேண்டுமானால் மாற்றியும் பொருத்தித் தருவார்கள்.

சட்டம் சைக்கிள்காரருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. முந்தும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்காக எதிர்த்தடத்துக்குள் ஏறிப் போகவும் அனுமதி உண்டு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஓட்டினால் அபராதம். மது அளவுக்கான வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். குகைப்பாதையில் விளக்கு எரிய வேண்டும். பின்னால் வரும் கார் ஹாரன் அடிக்காமல் இரண்டு வளைவு வரை பொறுமையாக உருண்டு வருவது இங்கே சாதாரணம். பதறி ஓரத்துக்கு ஒதுங்கிக் கல்லில் ஏற வேண்டாம், இடம் கிடைத்ததும் அவர்களே போய்விடுவார்கள்.

புதியவர்கள் தவிர்க்க வேண்டிய சாலை ஒன்று உண்டு. கடற்கரையின் சான் பெத்ரோவிலிருந்து ரோந்தாவுக்கு ஏறும் ஏ-397. அழகான சாலைதான். ஆனால் மோட்டார் பைக்காரர்களுக்கும் அது பிரியமானது, அதுவும் வார இறுதிகளில். ரோந்தாவுக்கு ரயிலில் வந்து சேருங்கள். அல்ஹெசிராசிலிருந்து ரோந்தா வழியாக பொபதியா போகும் அந்தப் பாதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் பணத்தில் போடப்பட்டது. அதில் பயணிப்பதே ஒரு நாள் சுற்றுலாவுக்குச் சமம்.

எந்த வழியில் தொடங்குவது

வந்த மறுநாளே பெரிய கணவாயில் ஏற வேண்டாம். ரோந்தாவிலிருந்து அரியாத்தே வழியாக செத்தெனிலுக்குப் போய்த் திரும்புங்கள், ஒரு வழிக்கு 20 கி.மீ.க்கும் குறைவு. ஏற்ற இறக்கம் மென்மையானது. ஆலிவ் தோட்டங்கள், கோதுமை வயல்கள். குன்றின் தலையில் ஊர் என்ற பொது விதிக்கு செத்தெனில் விலக்கு: இது ஆற்றின் பள்ளத்தில், தொங்கும் பாறையின் அடியில் இருக்கிறது. வீடுகளுக்கு முன்சுவர் மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள், கூரை மலையே. குவேவாஸ் தெல் சோல் தெருவில் வெயில் விழும். எதிர்க்கரையில் குவேவாஸ் தே லா சொம்ப்ரா தெருவில் பாறை இருபுறமும் மூடி நிழல். கூட்டம் சேர்வதற்கு முன், பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். திரும்பும்போது ஏற்றத்தில் தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் அங்கே வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

இரண்டாவது நாளுக்கு ஒல்வேராவிலிருந்து புவேர்த்தோ செர்ரானோ வரை போகும் வியா வெர்தே. 36 கி.மீ., முப்பது குகைப்பாதைகள். 1920-களில் ஹெரெஸ் பக்கமிருந்து ரயில் விடுவதற்காக மலையைக் குடைந்து பாலம் கட்டினார்கள், ஆனால் ரயில் ஒருநாளும் ஓடவில்லை. இப்போது அது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாதை. ரயிலுக்காக வெட்டியது என்பதால் சரிவு எங்கும் கடுமையாக இருக்காது. இறுகிய மண்தரை, 32 மி.மீ. டயர் என்றால் நிம்மதி. ஒல்வேராவில் தொடங்கினால் மொத்தத்தில் இறக்கம், திரும்பும்போது மெதுவான ஏற்றம். நடுவே ஸாஃப்ரமகோன் பாறை வரும். அங்கே கூடுகட்டி வாழும் கிரிஃபன் கழுகுகள் தலைக்கு மேலே வட்டமிடும். கழுத்து வலித்தாலும் நின்று பாருங்கள்.

அப்புறம்தான் கணவாய். ஸாஹராவுக்கும் கிராசலேமாவுக்கும் நடுவே சிஏ-9104 என்ற குறுகிய சாலை பலோமாஸ் கணவாயைத் தாண்டுகிறது. இந்தப் பகுதிக்கு வந்து இதை ஏறாமல் போனால் மனம் ஆறாது. ஸாஹரா பக்கமிருந்து ஏறினால் சுமார் 12 கி.மீ., ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். சராசரிச் சரிவு 6 முதல் 7 சதவீதம், இடையிடையே 10-ஐத் தாண்டும். பழகத் தொடங்கிய ஒருவர் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறலாம் என்பது என் கைக்கணக்கு. அப்படியானால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கிராசலேமாவில் தங்கியிருப்பவர்கள் பலர் அங்கிருந்தே தொடங்கி, கொஞ்சம் ஏறி, ஸாஹராவுக்கு ஜாலியாக இறங்கிவிடுகிறார்கள். திரும்பும்போது பிற்பகல் வெயிலில் முழு மலையும் எதிரே நிற்கும். மாறாக ஸாஹராவில் தங்குங்கள், காலை எட்டரைக்குள் ஏறத் தொடங்குங்கள். இது மலையின் வடக்கு முகம், காலையில் குளிர்ச்சியாக இருக்கும். கீழே அணைக்கட்டின் நீலநிற நீர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இன்னும் சிறிதாகத் தெரியும். உச்சியைத் தாண்டி கிராசலேமாவில் காலை உணவு, பிறகு திரும்பி ஒரு குட்டி ஏற்றம், மீதி முழுக்க இறக்கம். மதியச் சாப்பாட்டுக்கு ஸாஹராவில் இருக்கலாம்.

இன்னும் ஆசை இருந்தால் எல் போஸ்கேயிலிருந்து பெனமஓமா வழியாக 1103 மீட்டர் உயரமுள்ள போயார் கணவாய். ஏ-372 அகலமான சாலை, சரிவும் சீரானது. நீளம்தான் கொஞ்சம் சோதிக்கும்.

ஏறும் விதம்

அடிவாரத்தில் முதல் பத்து நிமிடம் 'இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே' என்று தோன்றும் வேகத்தில் போங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். கியரை சரிவு வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். செங்குத்தில் நின்று அழுத்தியபடி மாற்றினால் செயின் கழன்று விழும். உட்கார்ந்தே ஏறுங்கள், இடுப்பு இறுகினால் மட்டும் இருபது முப்பது மிதி எழுந்து மிதித்துவிட்டு உட்காருங்கள். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில்தான் சரிவு அதிகம், எதிரே வண்டி இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் உங்கள் தடத்துக்குள்ளேயே வெளிப்பக்கமாக வாருங்கள். முடியவில்லை என்றால் இறங்கி நில்லுங்கள். தள்ளிக்கொண்டு போவதும் பயணம்தான். மறுபடி ஏறும்போது மலைக்கு நேராக மிதிக்கத் தடுமாறினால், ஒரு வாசலோ அகலமான ஓரமோ பார்த்துக் குறுக்காகத் தொடங்கலாம்.

தாகம் எடுப்பதற்கு முன் குடியுங்கள், மணிக்கு அரை லிட்டருக்கு மேல். பசிப்பதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். உலர்ந்த அத்தி, பாதாம், வாழைப்பழம் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஊர்ச் சதுக்கங்களில் குழாய் நீரூற்றுகள் உண்டு. 'நோ பொத்தாப்ளே' என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல, தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

இறங்கும் விதம்

விபத்துகளுக்கு அஞ்ச வேண்டியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கையை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் வையுங்கள், பிரேக் அங்கிருந்துதான் நன்றாகப் பிடிக்கும். உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடியுங்கள், வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இடப்பக்கம் திரும்பும்போது வலக்கால் மிதி கீழே, வலப்பக்கம் என்றால் இடக்கால் கீழே. பார்வை சக்கரத்துக்கு முன்னால் அல்ல, வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்காமல், பிடித்து விட்டுப் பிடியுங்கள். விளிம்பு பிரேக் உள்ள சைக்கிளில் தொடர்ந்து உரசினால் சக்கரம் சூடேறும். கை தளர்ந்தால் வழியில் நின்று உதறிக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்க வேண்டியவை: வளைவுக்கு அப்பால் ஆட்டுமந்தை, மழைக்குப் பின் சாலையில் உருண்ட கல், நவம்பர் முதல் ஆலிவ் அறுவடைக் காலத்தில் டிராக்டர் விட்டுச்சென்ற சேறு. ஆலிவ் பழம் நசுங்கிய தார் எண்ணெய் கொட்டிய தரை போல வழுக்கும். ஊருக்குள் நுழைந்ததும் கல் பாவிய தெரு. கால்படத் தேய்ந்த அந்தக் கற்கள் நனைந்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

ஊரின் கடிகாரம்

இதைக் கவனிக்காதவர்கள்தான் பசியோடு மூடிய கதவுகளைப் பார்த்து நிற்கிறார்கள். மதுக்கூடம் என்று பெயர் இருந்தாலும் ஊரின் பார் என்பது காலையில் டீக்கடை மாதிரி. எட்டு மணிக்குத் திறந்திருக்கும். வாட்டிய ரொட்டி மேல் ஆலிவ் எண்ணெயும் அரைத்த தக்காளியும் தடவித் தருவார்கள். சைக்கிள்காரருக்கு இதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியாது. மதியச் சமையல் ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் தொடங்கும், நாலு மணிக்கு முடியும். கடைகள் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை மூடிக் கிடக்கும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை பெரும்பாலும் கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஆக, காலை எட்டரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காரும்படி திட்டமிட்டால் வெயிலும் தப்பும், பசியும் தப்பும்.

மூன்று பாகமாக வரும் 'மெனு தெல் தியா' மதியத்தில் நிறைவானது, விலையும் நியாயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கீரைக் குழம்பின் மேலும் சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாற்றின் மேலும் பன்றித்தொடைத் துணுக்குகளைத் தூவுவார்கள், சாலட்டில் டூனா மீன் இருக்கும். ஹமோனும் (பன்றித்தொடை) வேண்டாம், அத்தூனும் (டூனா) வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கொண்டைக்கடலை போட்ட கீரை, வறுத்த கத்தரிக்காய் மேல் கரும்புப்பாகு, இந்த மலையின் பயோயா ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டி எல்லாம் கேட்டுச் சாப்பிடுங்கள். முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு தொர்தியா எங்கும் கிடைக்கும்.

மீதிச் சில

பள்ளத்தாக்குகளில் போன் சமிக்ஞை அறுந்துபோகும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இந்த மலைப்பகுதிச் சாலைப் பலகைகளில் ஏ என்றால் மாநிலச் சாலை, சிஏ காதிஸ் மாகாணத்தினுடையது, எம்ஏ மாலகாவினுடையது. மாகாணச் சாலைகளில் பொதுவாக வண்டி குறைவு. அவசரத்துக்கு 112. எந்தச் சாலையில் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறீர்கள் என்று ஓரத்துக் கல்லைப் பார்த்துச் சொன்னால் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் ஓட்டுவதும் மலைமீட்பும் அதில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வசந்தகாலப் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் கேட்டுவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தில் அறை வாடகை ஏறும், ஊர்வலத்துக்காகத் தெருக்கள் மூடப்படும். அந்த ஊர்வலங்களைப் பார்க்கவே வருவதாக இருந்தால் ஒழிய, அந்த வாரத்தைத் தள்ளிப் போடுங்கள்.

சைக்கிளோடு ரயில் ஏறுவதாக இருந்தால் பயணச்சீட்டு வாங்கும்போதே சைக்கிளுக்கும் இடம் கேளுங்கள். நடுத்தர தூர வண்டிகளில் சில சைக்கிள்களுக்கு மட்டும்தான் இடம் இருக்கும். அதிவேக வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றி உறைக்குள் போட்டால்தான் ஏற்றுவார்கள்.